பேட்டரிக்கு இடுப்புமணி கட்டிய அலுவலகம்

தாதேயுஸ் அயம்கா நல்ல மனிதன் என்று எங்கள் ஜிராபாவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கெட்டவன் என்றும் சொல்ல மாட்டார்கள். "அவனுக்கு வாய் இருக்கே, வாய்!" என்று ஆரம்பிப்பார்கள். உடனே சிரிப்பு வந்துவிடும். அதற்குமேல் அவனைப் பற்றிப் பேச்சு நகராது.

ஒரு அரசு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் மற்ற அலுவலகங்கள் எல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும். நீல ஓவரால், காதில் செருகிய பெயின்ட் பிரஷ், தோளில் தொங்கும் காற்றூதி. ஹர்மட்டான் என்னும் புழுதிக்காற்று வீசும் மாதங்களில் சகாரா பாலைவனம் கிளம்பி வந்து எங்கள் மேசைகளில் குடியேறும். அதை அவன் தினமும் காலையில் ஊதித் துரத்துவான். ஜன்னல் வழியாகப் போனது மத்தியானம் கதவு வழியாகத் திரும்பி வரும். இதற்குப் பெயர் பராமரிப்பு.

மெஷின்களிடம் அவன் பெற்ற தாய்போல் நடந்துகொள்வான். மனிதர்களிடம் மாட்டு வியாபாரிபோல். டைப்பிஸ்ட் பெண் ஒருத்தி கீபோர்டின் மேலேயே கூசே வடை தின்றுகொண்டிருந்தாள். இவன் கீபோர்டைப் பிடுங்கி அவள் தட்டின்மேல் கவிழ்த்துத் தட்டினான். பொலபொலவென்று கொட்டியது.

"இந்தா, போன வருஷத்து வடை. இதையும் சாப்பிடு. இந்தா, ஒரு நகம். உன்னோடதா, உங்க அம்மாவோடதா?"

வெளியே மனு கொடுக்க வந்தவர்கள் வரிசையில் நின்று சிரித்தார்கள். அந்தப் பெண் அன்று முழுக்க அழுதாள். யு.பி.எஸ்ஸில் தண்ணீர் கொதிக்கும் கெட்டிலைச் செருகியவர்களின் தேநீரை அவன் ஜன்னல் வழியாகக் கொட்டியிருக்கிறான். கொட்டும்போது கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்க்கமாட்டான்.

இப்படிப்பட்டவனை ஏன் யாரும் அடிக்கவில்லை? அவன் ஃப்ராஃப்ரா, போல்கா பக்கத்து ஆள். நாங்கள் தகாபா. இரண்டு இனத்துக்கும் கேலி முறை. மாமன் மச்சான் கேலியை ஒரு வீட்டோடு நிறுத்தாமல் இரண்டு தேசத்துக்கும் விரித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். என்றோ ஒரு நாயின் தலைக்காகச் சண்டை வந்ததாம். அன்றிலிருந்து அவர்கள் எங்களை எதுவும் சொல்லலாம், நாங்கள் அவர்களை எதுவும் சொல்லலாம். சட்டம் ஒன்றே ஒன்று: கோபப்படக் கூடாது. கோபப்பட்டவன் மனிதனே இல்லை. சாவு வீட்டில்கூட நாங்கள் அவர்கள் பிணத்தைக் கிண்டல் செய்வோம், செத்தவன் மாதிரி நடித்துக் காட்டுவோம். செய்யாவிட்டால்தான் அவர்களுக்கு வருத்தம்.

அலுவலகத்தின் டைரக்டர் பாலிகார்ப் யெல்பாலா சுத்தத் தகாபா. பெருத்த உடம்பு, தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல். யாருக்கும் தீங்கு நினைக்காத மனுஷர். அவருக்கும் அயம்காவுக்கும் காலை வணக்கமே இப்படித்தான்:

"டேய் என் அடிமை, இன்னும் உயிரோடவா இருக்கே?"

"நாய்த்தலை தின்னவரு நாற்காலில உக்காந்திருக்கீங்க. நான் எதுக்கு சாகணும் பாஸ்? உங்க தொப்பை மேசைய முட்டுது. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, கீபோர்டு பாவம்."

"உங்க அப்பன வித்து வாங்குன கீபோர்டுடா அது."

"அதான் உழைக்குது. உங்க அப்பன வித்திருந்தா இந்நேரம் தூங்கியிருக்கும்."

அலுவலகம் குலுங்கும். அன்றைய நாள் நல்லபடியாகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அயம்கா கேலி பேசாத விஷயம் ஒன்றே ஒன்று. அவன் தற்காலிகம். சேர்ந்த நாளிலிருந்து தற்காலிகம். நாற்பத்தைந்து வயது தாண்டினால் நிரந்தரம் ஆக்க விதி இல்லை. அவனுக்கு நாற்பத்து நான்கு நடந்துகொண்டிருந்தது. நிரந்தரம் ஆனால் அரசு வீடு, பிறகு பென்ஷன். லாரி நிறுத்தத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் மனைவி அசிபியும் மூன்று பிள்ளைகளும் அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தார்கள். டைரக்டர் பரிந்துரை எழுத வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

"பாஸ், அந்தப் பரிந்துரை..."

"எழுதறேன்டா. என் அடிமைய நானே விடுதலை பண்ணப் போறேன், நல்ல நாள் பாக்க வேணாமா?"

எல்லாரும் சிரிப்பார்கள். அயம்காவும் சிரிப்பான், அரை வாயால்.

அலுவலகத்திலேயே ஏசி உள்ள அறை ஒன்றுதான். சர்வர் அறை. ஆகவே அது எங்கள் குளிர்பதனப் பெட்டியும்கூட. அலமாரியில் சர்வர். அதன் கீழே கல்யாணத்துக்கு வாங்கிய பீர். யு.பி.எஸ்ஸின் தலைமேல் தண்ணீர்ப் பைகள். மூலையில் உரித்த கினிக் கோழி. யார் வீட்டில் விசேஷம் என்பதை அந்த அறையின் வாசனையை வைத்தே சொல்லிவிடலாம். அயம்கா தினமும் கோழியை வெளியே எறிவான். கோழிக்குச் சொந்தக்காரர் அதை எடுத்துத் துடைத்து மறுபடி உள்ளே வைப்பார்.

மார்ச் மாத வெயிலில் ஒருநாள் அவன் டைரக்டர் அறைக்குள் வந்து நின்றான். காதில் பிரஷ் இல்லை. அதையாவது யாராவது கவனித்திருக்கலாம்.

"பாஸ், யு.பி.எஸ் பேட்டரி எல்லாம் வீங்கிப்போச்சு. அழுகின முட்டை வாடை வருது. உடனே மாத்தணும். மாத்தற வரைக்கும் கழட்டி வைக்கணும். நீங்க சரின்னு சொல்லணும்."

பாலிகார்ப் அவனை மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"வயிறு வீங்கியிருக்கா?"

"ஆமா பாஸ்."

"அந்த ரூமுக்குள்ள கதவ சாத்திட்டு நாளெல்லாம் இருக்கறது யாரு?"

"நான்தான்."

"அப்ப அப்பன் யாருன்னு என்னக் கேக்கறியா நீ?"

சிரிப்பு வராண்டா வரை போயிற்று. மனு கொடுக்க வந்தவர்களுக்கு விஷயம் தெரியாது, ஆனாலும் சிரித்தார்கள். அயம்கா கையை உயர்த்தினான்.

"பாஸ், விளையாட்டு இல்ல. இது தீப்பிடிக்கும்."

"பிரசவ வலி வந்தா அப்படித்தான் இருக்கும்டா. மொதல் புள்ளையா?"

சொல்லப்போனால் அவர் பதில் கச்சிதம். அவன் ஃப்ராஃப்ரா. ஒரு ஃப்ராஃப்ரா தகாபாவிடம் வந்து உன் வீடு எரியும் என்று சொன்னால், அதைவிடப் பெரிய கேலியைத் திருப்பிக் கொடுப்பதுதான் முறை. சரி என்று நம்பிவிட்டால் அவர் தோற்றவர் ஆவார்.

மறுநாள் காலை அயம்கா சர்வர் அறையைத் திறந்தால் யு.பி.எஸ் சீலை கட்டி நின்றது. பூப்போட்ட மெழுகுச் சீலை. அதன் நடுவில், வயிற்றுப் பக்கமாக, இடுப்புமணி இரண்டு சரம், எங்கள் பெண்கள் சீலைக்குள் இடுப்பில் கட்டும் பாசி. கீபோர்டில் வடை தின்ற அதே டைப்பிஸ்ட்தான் மணியைக் கொண்டுவந்தவள். அவளுக்கு அன்றுதான் முகத்தில் வெளிச்சம்.

"புள்ளத்தாச்சிய வெறும் உடம்போட நிக்க வைக்கலாமா, மாப்ளே?" என்று கேட்டாள்.

சீலை காற்றுத் துளைகளை முழுக்க மூடியிருந்தது. அவன் அவிழ்த்தான். சாயங்காலம் கட்டினார்கள். அவிழ்த்தான். கட்டினார்கள். ஒருநாள் சீலையைத் தன் பைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டான். "பொண்டாட்டி சீலையத் திருடறான் பாரு" என்று புதுச் சீலை வந்தது. அவன் எவ்வளவு கெஞ்சினானோ அவ்வளவு சுவை கூடியது. கத்தியிருந்தால் நிறுத்தியிருப்பார்களோ என்னவோ. ஆனால் கத்துவது கோபம். அவன் பிறந்த ஊர்வரை செய்தி போய்விடும்: தாதேயுஸ் தகாபாக்காரனிடம் கோபப்பட்டானாம்.

கடைசியில் யாரையும் கேட்காமல் பேட்டரியைக் கழற்றி வைத்தான். அன்று மத்தியானமே கரண்ட் போனது. சர்வர் பொத்தென்று நின்றது. காலையிலிருந்து பதிந்த வேலை முழுக்கப் போயிற்று. பாலிகார்ப் அவனைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஒரு நிமிஷம் மட்டும் நிஜமாகப் பேசினார்.

"தாதேயுஸ். இன்னொரு தடவ என்னக் கேக்காம அதுல கை வெச்சா, பரிந்துரைய மறந்துடு."

பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டது அவன் நினைவில் அதுவே முதல் தடவை. பேட்டரியைத் திரும்ப மாட்டினான். மாட்டும்போது அதன் மேல்தோல் சூடாக இருந்தது.

முறைக்குள் இல்லாத ஒருவர் சொன்னால் ஒருவேளை காதில் ஏறும் என்று அவன் கணக்குப் போட்டான். அப்படி ஒருவர் இருந்தார். கணக்குப் பிரிவின் மேடம் ஒஃபோரிவா, தெற்கே குமாசியிலிருந்து மாற்றலாகி வந்தவர். கேலி முறை அவர் ஊரில் கிடையாது. வந்த முதல் நாள், அயம்கா டைரக்டரை நாய்த்தலை என்று கூப்பிட்டதைக் கேட்டு போலீஸுக்கு போன் செய்யப் போன அம்மாள். எதைச் சொன்னாலும் சொன்னபடியே எடுத்துக்கொள்வார். வட்டாரத்தில் அப்படி ஒரு பிறவி அவர் மட்டும்தான்.

"மேடம், எரிஞ்சுபோகும். நீங்களாவது சொல்லுங்க."

மேடம் உடனே எழுந்து போய்ச் சொன்னார். பாலிகார்ப் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"யார் சொன்னது மேடம்?"

"அயம்கா."

பாலிகார்ப் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஒரு முழம் பின்னால் போனது. "உங்களையும் சேத்துக்கிட்டானா! மேடம், நீங்களும் எங்க ஆளாயிட்டீங்க. வாழ்த்துகள்!"

மேடத்துக்குச் சிரிப்பு என்ன என்று புரியவில்லை. அவமானம் மட்டும் புரிந்தது. திரும்பி வந்து, "என்னை ஏன் கோமாளி ஆக்கினாய்?" என்று அயம்காவிடம் கேட்டார். அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"இந்த ரூம் ஒருநாள் எரியட்டும் மேடம். எரிஞ்சாத்தான் இவங்களுக்குப் புத்தி வரும்."

மேடம் அதையும் சொன்னபடியே எடுத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை நந்தோமில் ஒரு பெரிய இறுதிச்சடங்கு. அலுவலகமே கிளம்பியது. சர்வர் அறையிலிருந்து பீரும் கோழியும் வண்டிக்கு ஏறின. அறை காலியானதும் யாரோ ஏசியை நிறுத்தினார்கள். உள்ளேதான் ஒன்றும் இல்லையே. பாலிகார்ப் கடைசியாக எட்டிப் பார்த்தார். சீலை இல்லாமல் நின்ற யு.பி.எஸ்ஸைக் கண்டு அவர் மனம் தாங்கவில்லை. காரிலிருந்த இறுதிச்சடங்கில் போர்த்த வைத்திருந்த தன் சொந்தக் கறுப்புச் சாவுச் சீலைகளில் ஒன்றை எடுத்துவந்து இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். "நாம இல்லாத நேரம் பாத்து அவன் அவுத்துடுவான்" என்று முடிச்சை இறுக்கவும் செய்தார். வண்டி முழுக்கச் சிரித்துக்கொண்டே நந்தோம் போனது.

அயம்கா இறுதிச்சடங்குக்குப் போகவில்லை. மத்தியானம் ஏசி ஓடுகிறதா என்று பார்க்க வந்தான். கதவிடுக்கில் புகை. உள்ளே போனான். முடிச்சு அவிழவில்லை. எரிகிற சீலையைக் கையாலேயே பிய்த்து எடுத்தான். பிறகு சர்வரைத் தூக்க முயன்றான். பிறகு ஒவ்வொரு கம்ப்யூட்டராக வெளியே இழுத்தான். பாதி வெளியே வந்தது. பாதி உள்ளேயே இருந்துவிட்டது. அவன் உள்ளங்கை இரண்டும் வறுத்த தோல்போல் ஆகிவிட்டன.

ஆஸ்பத்திரியில் கைக்கட்டோடு கிடந்தவனைப் பார்க்க அசிபி ஒரு கேள்வியோடு வந்தாள். "இப்ப எழுதுவாருல்ல? நீதானே பாதிய காப்பாத்தின?"

"எழுதுவாரு," என்றான் அயம்கா. அவனும் நம்பினான்.

மண்டல அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். கறாரான ஆள், தடித்த கண்ணாடி, பேனா இரண்டு. பெயர் காஸ்மாஸ் கூயிரே. பெயரைக் கேட்டதும் அயம்காவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. கூயிரே தகாபாப் பெயர்.

முதலில் மேடம் ஒஃபோரிவா. பைபிளில் கை வைத்தது போலப் பேசினார். இரண்டு உண்மை சொன்னார். ஒன்று: "எரியும் என்று அயம்கா என்னிடம் எச்சரித்தார்."

"எச்சரிச்சானா? அவனா?" அதிகாரியின் உதடு துடித்தது. பேனா நகரவில்லை.

இரண்டு: "எரியட்டும், எரிந்தால்தான் இவர்களுக்குப் புத்தி வரும் என்றும் சொன்னார்."

அதிகாரி நிமிர்ந்தார். "இத உங்ககிட்டயா சொன்னான்? நீங்க குமாசிக்காரங்க. உங்ககூட அவனுக்குக் கேலி முறை கிடையாதே." பேனா ஓடியது.

அடுத்து அயம்கா. தலைத்துணியைக் கழற்றினான். நிமிர்ந்து நின்றான். இத்தனை வருஷத்தில் ஒரு தகாபாவின் முன்னால் அவன் கைகட்டி நின்றதில்லை. அன்றும் கட்ட முடியவில்லை, கட்டுப் போட்டிருந்ததால்.

"எல்லாரும் நந்தோம்ல இருந்தப்ப நீ மட்டும் இங்க எதுக்கு வந்தே?"

"ஏசி பாக்க வந்தேன் ஐயா."

"எரியட்டும்னு சொன்னியா?"

"சொன்னேன் ஐயா. வயித்தெரிச்சல்ல சொன்னேன்."

"யு.பி.எஸ்ஸுக்கு யாரு சீலை கட்டுனது?"

இங்கே அவன் நின்றான். முறை உள்ளவனை அதிகாரி முன் காட்டிக்கொடுப்பது இதுவரை எங்கள் பக்கம் நடக்காத காரியம். காட்டிக்கொடுத்தால் இரண்டு இனமும் துப்பும். கொடுக்காவிட்டால் நிரந்தரம் போகும். ஒற்றை அறையும் அசிபியின் கேள்வியும் அவன் கண்முன் வந்திருக்க வேண்டும்.

"டைரக்டர் ஐயா," என்றான். "டைரக்டர் யெல்பாலாதான் கட்டினாரு. பேட்டரி கர்ப்பமா இருக்குன்னு சீலை கட்டினாரு. இடுப்புமணியும் போட்டாங்க. சத்தியம் ஐயா. என் புள்ளைங்க மேல சத்தியம்."

அதிகாரி கூயிரே அவனையே பார்த்தார். கன்னம் உப்பியது. பேனாவை மேசையில் போட்டார். பிறகு அந்தக் கறாரான மனுஷர், மண்டலமே பயப்படுகிற மனுஷர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"பேட்டரிக்கு இடுப்புமணி! அடப்பாவி, கை வெந்து கெடக்கறப்பவும் ஒரு ஃப்ராஃப்ரா சும்மா இருக்க மாட்டானா! யெல்பாலா, கேட்டீங்களா?"

பாலிகார்ப் வாசலில் நின்றிருந்தார். அவரும் சிரித்தார். "ஆமா, நான்தான் கட்டினேன்!" என்று உண்மையைச் சொன்னார். சிரிப்பு இரட்டிப்பாயிற்று. அயம்கா இன்னொரு தடவை சத்தியம் செய்தான். அதிகாரிக்கு மூச்சுத் திணறி, தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. தற்காலிக ஊழியர் நீக்கம். பாலிகார்ப் மனதார வருத்தப்பட்டார். மண்டலத்துக்கு இரண்டு முறை போன் செய்து பார்த்தார். அங்கேயும் கூயிரே எடுத்து, "யாரு, இடுப்புமணியா?" என்று ஆரம்பித்தால் பேச்சு எங்கே நகரும்.

ஒருவனுக்கு இப்படி ஒரு இடி விழுந்தால் முறைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாமா? கிளம்பும் நாளில் அலுவலக முற்றத்தில் அவன் வேலைக்குச் சாவு எடுத்தார்கள். ஒரு நாற்காலியில் அவன் காற்றூதியைச் சாய்த்து வைத்து, கறுப்புத் துணி போர்த்தி, சுற்றிலும் பிட்டோ என்னும் சோளக் கள்ளுப் பானைகள். எங்கள் ஊர் வழக்கப்படி, செத்தவன் மாதிரி நடித்துக் காட்டுவது நெருங்கிய முறைக்காரனின் உரிமை. பாலிகார்ப் நீல ஓவராலுக்குள் எப்படியோ தன் உடம்பைத் திணித்துக்கொண்டு வந்தார். காதில் பிரஷ். கையைக் கீபோர்டுபோல் தூக்கி டைப்பிஸ்டின் தலையில் ஒரு தட்டு: "இந்தா, போன வருஷத்து வடை!" மெஷினுக்கு முத்தம். மனுஷனுக்கு உதை. அச்சு அசல் அயம்கா. சொல்லக்கூடாதுதான், ஆனால் அவ்வளவு நல்ல நடிப்பை ஜிராபா பார்த்ததில்லை. மேடம் ஒஃபோரிவா மட்டும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றார், வெளியே வரவில்லை.

அயம்காவும் முதலில் சிரித்தான். பழக்கதோஷம். பிறகு, "பாஸ், வீட்ட காலி பண்ணச் சொல்லிட்டாங்க," என்றான்.

"செத்தவனுக்கு எதுக்குடா வீடு?"

சிரிப்பு. அவன் நாற்காலியின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தான். கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். மெதுவாக இல்லை. மாடு கத்துவதுபோல் அழுதான். தோள் எழும்பி விழுந்தது.

கைதட்டல். முதலில் டைப்பிஸ்ட், பிறகு எல்லாரும். ஒருத்தர் விசில் அடித்தார். "அட, தன் சாவுக்குத் தானே அழறான்!" என்றார் ஒருவர். பிட்டோ ஊற்றினார்கள். அவன் நிறுத்தவில்லை. கைதட்டலும் நிற்கவில்லை.

பாலிகார்ப் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வழிய அவன் பக்கத்தில் குனிந்தார். ஓவராலின் தையல் முதுகில் பிரிந்தது. அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். பெரிய மனது அவருக்கு.

"நல்லா அழுதேடா, என் அடிமை. தள்ளிக்கோ, இப்ப என் முறை."